யாரும் கொட்டவில்லை, ஆனாலும் லேப்டாப்புக்குள் தண்ணீர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நன்றாக ஓடிக்கொண்டிருந்த லேப்டாப் ஒரு நாள் நின்றுவிடுகிறது. பழுது பார்க்கக் கொடுத்தால் "உள்ளே தண்ணீர் போயிருக்கு" என்கிறார்கள். வீட்டிலோ அலுவலகத்திலோ கேட்டால் ஒருவர் விடாமல் "நான் எதையும் கொட்டவே இல்லை" என்று சத்தியம் செய்கிறார்கள். மதர்போர்டுகளோடு பல வருடமாகக் குப்பை கொட்டுகிறவன் என்ற முறையில் இந்தப் பேச்சை நான் ஓயாமல் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் இரண்டு தரப்பும் பொய் சொல்வதில்லை. தண்ணீர் போனது உண்மை, யாரும் கொட்டாததும் உண்மை. நடுவில் என்ன நடந்தது என்பதைத் தேடும் வழிகளைத்தான் இங்கே கேள்வி பதிலாக எழுதியிருக்கிறேன்.

எதையும் கொட்டாமல் லேப்டாப்புக்குள் தண்ணீர் போக முடியுமா?

தாராளமாக. தண்ணீர் என்றதும் கீபோர்டு மேல் டம்ளர் கவிழ்வதுதான் நம் நினைவுக்கு வருகிறது. அது நடந்தால் யாருக்கும் மறக்காது, அலறிக்கொண்டு துணியைத் தேடி ஓடியிருப்போம். கண்ணில் படாமல் போகும் வழிகள்தான் அதிகம். பைக்குள் கூடவே இருந்த தண்ணீர் பாட்டில். மேசையின் மறுகோடியில் சிந்தி, மெல்ல ஊர்ந்து லேப்டாப்பின் அடிவயிற்றைத் தொட்ட தண்ணீர். திரையில் நேரடியாக அடித்த கிளீனர். ஏசியின் உள் யூனிட்டிலிருந்து எப்போதாவது விழும் சொட்டு. திறந்திருந்த ஜன்னல் வழியே வந்த சாரல். சார்ஜர் வயரைப் பிடித்துக்கொண்டே இறங்கி, அது செருகியிருக்கும் துளைக்குள் நுழைந்த ஈரம்.

இவற்றில் எதுவுமே லேப்டாப்பின் மேல்பக்கத்தை நனைப்பதில்லை. மேலே காய்ந்து கிடப்பதைப் பார்த்து "தண்ணீரே படவில்லை" என்று நாம் முடிவு செய்துவிடுகிறோம். ஆகவே "யார் கொட்டியது?" என்ற கேள்வியைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள். "எந்தப் பக்கத்திலிருந்து வந்தது?" என்று கேட்டால் லேப்டாப்பே பதில் சொல்லும்.

சந்தேகம் வந்தவுடன் முதலில் என்ன செய்வது?

சார்ஜரைக் கழற்றுங்கள், லேப்டாப்பை அணையுங்கள், "ஒரு தடவை போட்டுப் பார்ப்போம்" என்ற ஆசையை அடக்குங்கள். அணைத்துவிட்டால் மின்சாரமே இல்லை என்று நினைக்க வேண்டாம். பேட்டரி இணைப்பில் இருக்கும்வரை மதர்போர்டின் சில பாதைகளில் மின்னழுத்தம் இருந்துகொண்டேதான் இருக்கும். அந்த இடத்தில் ஈரம் இருந்தால் அரிப்பு விடிய விடிய நடக்கும். கீழ் மூடியைத் திறந்து பேட்டரி கனெக்டரைக் கழற்றத் தெரிந்தால் அதுதான் மிகப் பெரிய உதவி. தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் அன்றைக்கே கொடுங்கள்.

அடுத்தது, துடைப்பதற்கு முன்னால் படம் எடுங்கள். மேலே, கீழே, நான்கு ஓரங்கள், ஒவ்வொரு துளை, திறந்தால் உள்பக்கம், மூடியின் உள்முகம். கறையின் விளிம்பு, துளிகள் நின்ற இடம், நிறம் எல்லாமே சாட்சி. பதறித் துடைத்துவிட்டால் சாட்சியும் போய்விடும். லேப்டாப்பைக் குலுக்குவதும் தலைகீழாகத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதும் இன்னும் மோசம். ஓரிடத்தில் நின்ற தண்ணீர் எல்லா இடத்துக்கும் பரவும், வந்த வழியும் அழிந்துபோகும்.

ஹேர் டிரையர் வேண்டாம். அரிசி மூட்டைக்குள் புதைப்பதும் வேண்டாம். அரிசித் தூள் துளைகளுக்குள் போவதுதான் மிச்சம். ஐபோனை அரிசிக்குள் வைக்காதீர்கள் என்று ஆப்பிளே 2024-ல் தன் உதவிப் பக்கத்தில் எழுதியது.

பேட்டரி உப்பியிருந்தாலோ, சூடாக இருந்தாலோ, இனிப்பும் ரசாயனமும் கலந்த ஒரு வாசனை வந்தாலோ துப்பறியும் வேலையை அங்கேயே நிறுத்திவிடுங்கள். அழுத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள்.

உள்ளே தெரிவது தண்ணீர்க் கறைதானா? வேறு ஏதாவது அப்படித் தோற்றம் காட்டுமா?

காட்டும். தெரிந்தவர்களே ஏமாறும் இடம் இது.

சில்லுகளுக்கும் வெப்பத்தை வாங்கும் உலோகத் தகட்டுக்கும் நடுவே மெத்தென்று ஒரு பட்டை இருக்கும், தெர்மல் பேட் என்பார்கள். நாளாக ஆக அதிலிருந்து சிலிக்கோன் எண்ணெய் கசிந்து, சுற்றிலும் ஈரம் போலப் பளபளக்கும். தொட்டால் வழுக்கும், காயவே காயாது. தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இன்னொன்று ஃபிளக்ஸ். ஈயம் வைத்துப் பற்றவைக்கும்போது பயன்படும் பொருள். தொழிற்சாலையிலோ பழைய பழுதிலோ சரியாகக் கழுவாமல் விட்டால், மஞ்சளாகவோ வெள்ளைப் பொருக்காகவோ சில்லுகளின் உலோகக் கால்களைச் சுற்றி நிற்கும். பார்த்தால் தேநீர் சிந்தியது போலவே இருக்கும். சில கேமிங் லேப்டாப்புகளில் பிராசசர் மேல் திரவ உலோகம் பூசுகிறார்கள். அது நழுவி வெளியே வந்தால் பாதரசம் போல் வெள்ளித் துளிகள் தெரியும்.

"ஹீட் பைப்புக்குள் தண்ணீர் இருக்கிறதாமே, அதுதான் ஒழுகியிருக்குமோ?" என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. அந்தச் செம்புக் குழாய்க்குள் பெரும்பாலும் தண்ணீர்தான் இருக்கிறது. ஆனால் அது குழாயின் உள்சுவரை நனைக்கும் அளவுக்கு மிகச் சொற்பம். குழாய் வெடித்தாலும் குளம் கட்டாது. லேப்டாப் சூட்டில் தவிக்கும், அவ்வளவுதான். லித்தியம் பேட்டரிக்குள் தண்ணீரே கிடையாது, அதில் இருப்பது கரிமக் கரைப்பான். ஆகவே தெளிந்த நீர் தேங்கியிருந்தால் அது வெளியிலிருந்து வந்ததுதான்.

தண்ணீர் தன் அடையாளத்தை மூன்று விதமாக விட்டுச் செல்லும். ஒன்று, விளிம்பு மட்டும் அடர்ந்த வளையம். துளி காயும்போது ஓரம் முதலில் வற்றுவதால், கரைந்திருக்கும் உப்பும் அழுக்கும் ஓரத்துக்கு இழுபட்டு அங்கே படியும். இரண்டு, களிம்பு. பித்தளைப் பாத்திரத்தில் பூக்குமே, அதே பச்சை அல்லது நீலப்பச்சைப் பூச்சு, செம்பு இருக்கும் இடங்களில் தெரியும். ஈயமும் வெள்ளீயமும் இருந்தால் வெள்ளைப் பொடி. ஸ்க்ரூக்களில் பழுப்புத் துரு. மூன்றாவது, அருகருகே இருக்கும் இரண்டு கால்களுக்கு நடுவே செடியின் வேர் போல மெல்லிய உலோக இழை. மின்னழுத்தம் உள்ள இடத்தில் ஈரம் பட்டால் உலோக அயனிகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்ந்து இப்படிக் கிளை விடும். அதைப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டால் அப்புறம் விவாதமே தேவையில்லை.

ஒரு சிறிய ஸ்டிக்கர் சிவப்பாகிவிட்டது என்கிறார்கள். அது என்ன?

திரவம் பட்டதைக் காட்டும் ஒட்டுத்தாள். மேலே வெள்ளைத் தாள், அடியில் தண்ணீரில் கரையும் சிவப்புச் சாயம். துளி பட்டால் சாயம் மேலே ஊறி வரும், திரும்ப வெள்ளையாகாது. 3எம் நிறுவனம் இதை நாடாவாகவே தயாரிக்கிறது, பல தயாரிப்பாளர்கள் கீபோர்டுக்குக் கீழே, பேட்டரி கனெக்டர் பக்கம் என்று சில இடங்களில் ஒட்டுகிறார்கள்.

காற்றின் ஈரப்பதத்துக்கு மாறாமல் இருக்கும்படிதான் இதை வடிவமைக்கிறார்கள். எனவே "மழைக்காலம், அதனால்தான் சிவந்துவிட்டது" என்ற வாதம் எடுபடாது. அதே சமயம், ஸ்டிக்கர் சொல்வது "இந்த இடத்தில் ஈரம் பட்டது" என்பதை மட்டும்தான். எப்போது, எவ்வளவு, லேப்டாப் நின்றதற்கு அதுதான் காரணமா என்பதையெல்லாம் அது சொல்லாது. எத்தனை ஸ்டிக்கர்கள், எவை சிவந்தன, எவை வெள்ளையாகவே இருக்கின்றன என்று வரைபடம் போல் குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளையாக இருப்பதும் ஒரு தகவல்தான்.

கறையைப் பார்த்து தண்ணீர் வந்த வழியைச் சொல்ல முடியுமா?

பெரும்பாலும் முடியும். தண்ணீர் பள்ளத்தை நோக்கித்தான் போகும். ஆகவே அது தேங்கிய இடம்தான் அந்த நேரத்தில் லேப்டாப்பின் மிகத் தாழ்ந்த இடம். அப்போது லேப்டாப் படுத்திருந்ததா, நின்றிருந்ததா என்று அதிலிருந்து தெரிந்துவிடும்.

கறை கீபோர்டுக்கு நேர் கீழே, பரந்து, நடுவில் அதிகமாக இருந்தால் மேலிருந்து வந்தது. கீழ் மூடியின் காற்றுத் துளைகளைச் சுற்றி மட்டும் இருந்து, கீபோர்டின் அடிப்பக்கம் சுத்தமாக இருந்தால் ஈரமான மேசையில் வைத்திருக்கிறீர்கள். அடியில் இருக்கும் ரப்பர் கால்களின் உயரம் சில மில்லிமீட்டர்தான், மேசையில் பரவும் தண்ணீருக்கு அந்த இடைவெளி பெரிய தடையே இல்லை. திரை மடங்கும் கீலான ஹின்ஜ் பக்கம் தொடங்கி திரை கேபிளின் கனெக்டரில் களிம்பு பூத்திருந்தால் தண்ணீர் திரை வழியாக வழிந்திருக்கிறது. ஒரே ஒரு துளையின் பின்களில் மட்டும் கருமையோ பச்சையோ இருந்தால் வயரைச் சந்தேகியுங்கள். மின்வேலை செய்பவர்கள் வயரைச் சுவருக்குள் விடுவதற்கு முன் கீழே ஒரு வளைவு விடுவது இதற்காகத்தான், தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

ஒரு ஓரம் முழுக்க, அளவுகோல் வைத்துக் கோடு போட்டது போல் கறை இருந்தால் அது பை. பைக்குள் லேப்டாப் செங்குத்தாக நிற்கிறது, தண்ணீர் அடியில் தேங்குகிறது.

என் சொந்த லேப்டாப்பிலேயே இந்தப் பாடம் நடந்தது. இடது ஓரத்தில் இருந்த யுஎஸ்பி துளை வேலை செய்யவில்லை. திறந்து பார்த்தால், இடது ஓரத்திலிருந்து ஏறக்குறைய இரண்டு விரற்கடை உயரம் வரை மங்கிய கோடு, அதற்குக் கீழே ஸ்க்ரூ தலைகள் மட்டும் பழுப்பு. கோட்டுக்கு மேலே புதுசு போல இருந்தது. மேசையில் என் டம்ளர் எப்போதும் வலது பக்கம்தான், அதனால் அங்கே நடந்திருக்க வழியில்லை. இடது ஓரம் கீழே வரும்படி நான் வைக்கும் ஒரே இடம் பைதான். பையைத் தடவினேன், காய்ந்திருந்தது. அடித் துணியை வெளியே இழுத்து வெளிச்சத்தில் பிடித்தபோது அதே மங்கிய கோடு, அதே உயரத்தில். பாட்டில் வைக்கும் அறைக்கும் லேப்டாப் அறைக்கும் நடுவே இருந்த தையல் இரண்டு அங்குலத்துக்குப் பிரிந்து கிடந்தது. நானே போட்ட பாட்டில், நானே சுமந்த பை. மாதக் கணக்கில் ஏசியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

என்ன திரவம் என்று கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவுக்கு. வெறும் தண்ணீர் காய்ந்தால் வெள்ளை வளையம், வாசனை இருக்காது. காபி, தேநீர் என்றால் பழுப்புக் கறை, அதோடு பால் இருந்திருந்தால் புளித்த வாடை. குளிர்பானமும் பழச்சாறும் பிசுபிசுக்கும். சர்க்கரை தானாக மின்சாரத்தைக் கடத்தாது, ஆனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் காய்ந்த பிறகும் அரிப்பு நிற்காது. கோலா பானங்களில் அமிலத்தன்மையும் சேர்ந்துகொள்கிறது, அவற்றின் பிஎச் அளவு 2.5-ஐ ஒட்டி இருக்கும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு, அது பட்டால் நேரமே தராது.

சுத்தமான தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தாதே என்று சிலர் கேட்பார்கள். ஆய்வகத்தில் காய்ச்சி வடித்த தண்ணீர் ஏறக்குறைய அப்படித்தான். குழாயில் வரும் தண்ணீரில் கரைந்த உப்புகள் இருக்கின்றன. காய்ச்சி வடித்த தண்ணீரே ஆனாலும் மதர்போர்டின் தூசியைத் தொட்ட நொடியில் அது "சுத்தமான" தண்ணீராக இருக்காது.

புற ஊதா டார்ச் அடித்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பூனையின் சிறுநீர் அதில் ஒளிரும் என்பது உண்மை, ஃபிளக்ஸும் ஒளிரும். ஒளிர்ந்ததெல்லாம் பூனையின் வேலை அல்ல.

பூனையின் வேலையாகவும் இருக்கலாமா?

இருக்கலாம். லேப்டாப் கதகதப்பான இடம், பூனைக்குப் பிடிக்கும். லேப்டாப் சூடானதும் மூக்கைத் துளைக்கும் வாடை வந்தால் மேற்கொண்டு துப்பறிய வேண்டியதில்லை.

நேற்றுவரை நன்றாக ஓடியது. நேற்றுதானே தண்ணீர் பட்டிருக்க வேண்டும்?

இல்லை. அதிகம் பேரைத் திசை திருப்புவது இந்த எண்ணம்தான். லேப்டாப் நின்ற நாள் வேறு, தண்ணீர் பட்ட நாள் வேறு. பட்டவுடனே ஷார்ட் ஆகி நிற்பது ஒரு வகை. ஒரு கனெக்டரின் ஓரத்தில் சில துளி தங்கி, ஒரு கால் மெல்ல மெல்ல அரித்து, சில வாரம் கழித்து அறுந்துபோவது இன்னொரு வகை. இரண்டாவது வகையில் நீங்கள் நேற்றைய தினத்தை எவ்வளவு அலசினாலும் ஒன்றும் கிடைக்காது.

உள்ளே இன்னும் ஈரம் இருந்தால் சமீபத்தியது. பேட்டரிக்கு அடியிலும் உலோகக் கவசங்களுக்கு அடியிலும் ஈரம் சில நாள் தங்கும். பொடியாக உதிரும் களிம்பும் துருவும் இருந்தால் பழைய கதை. நடுவில் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தால் அரிப்பு மிக வேகமாக நடக்கும் என்பதால், களிம்பின் அளவை மட்டும் வைத்து இத்தனை நாள் என்று யாராவது அடித்துச் சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

லேப்டாப் இன்னும் ஓடுகிறது, அல்லது அதன் சேமிப்பகத்தைப் படிக்க முடிகிறது என்றால் வேறு ஒரு வழி உண்டு. விண்டோஸில், கணினியில் நடப்பதையெல்லாம் குறித்து வைத்துக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, சிஸ்டம் பதிவுகளில் கெர்னல்-பவர் 41, 6008 என்ற எண்களைத் தேடுங்கள். ஒழுங்காக அணைக்காமல் லேப்டாப் நின்றுபோன சமயங்களை அவை காட்டும். முன்பு இல்லாமல் ஒரு குறிப்பிட்ட தேதியிலிருந்து அவை வரிசையாக வர ஆரம்பித்தால், அந்தத் தேதிக்கு முந்தைய சில நாட்களைக் கவனியுங்கள். அன்று மழையா, பயணமா, வீடு சுத்தம் செய்தீர்களா? போனில் அந்த நாட்களின் படங்களையும் புரட்டுங்கள். பிறந்தநாள் படத்தின் பின்னணியில் மேசை தெரியும், மேசையில் பூச்சாடி தெரியும்.

ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்துப் போவதால் உள்ளே வேர்த்திருக்குமா?

இயற்பியல்படி முடியும். வெளியே 30 டிகிரி செல்சியஸ், 70 சதவீத ஈரப்பதம் என்றால், சுமார் 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பரப்பும் வேர்க்கும். 18 டிகிரி அறையில் இரவு முழுக்க அணைந்து கிடந்த லேப்டாப்பை அப்படியே வெளியே கொண்டுவந்து திறந்தால் அதன் உலோக உடம்பில் பனி படர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

ஆனால் இந்தக் காரணத்துக்கு அதன் தகுதிக்கு மீறிய பழி விழுகிறது என்பது என் கருத்து. ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பின் உள்பக்கம் சூடாக இருக்கும், அங்கே வேர்க்காது. பைக்குள் வைத்து எடுத்துப்போனால் பை ஒரு போர்வை போல இருந்து மெதுவாகத்தான் சூடேற விடும், அப்போதும் பெரிதாக வேர்க்காது. வேர்த்தாலும் மெல்லிய படலமாக எல்லா இடத்திலும் ஒரே மாதிரி படரும். ஒரு மூலையில் மட்டும் குளம், ஒரு ஸ்டிக்கர் மட்டும் சிவப்பு என்றால் அது வேர்வை இல்லை. ஏசியைச் சந்தேகிப்பதென்றால் குளிரை விட்டுவிட்டு, அதன் வடிகால் குழாய் அடைத்து முன்பக்கம் சொட்டுகிறதா என்று பாருங்கள். தினமும் குளிரிலிருந்து புழுக்கத்துக்குப் போகிறவர் என்றால், பையைத் திறக்காமல் ஒரு மணி நேரம் விட்டுவிட்டு எடுத்தால் போதும்.

கடற்கரைப் பக்கம் வசிக்கிறேன். காற்றே காரணமாக இருக்கலாமா?

உப்புக் காற்று அரிக்கும். அது போர்டு முழுக்க, குறிப்பாக ஃபேன் காற்று ஓடும் பாதையில், சீராக மங்கலாக்கும். தேங்கிய தடமோ வளையமோ இருக்காது. கந்தக வாயு உள்ள இடங்களிலும் இப்படித்தான், அங்கே வெள்ளி கலந்த பரப்புகள் கறுக்கும். தண்ணீரை நுண்துளிகளாக்கிக் காற்றில் தூவும் அல்ட்ராசானிக் ஈரப்பதமூட்டியை மேசையிலேயே வைத்திருப்பவர்களின் லேப்டாப்பில் வெள்ளைத் தூள் படிந்திருக்கும். அது தண்ணீரில் இருந்த தாது உப்பு. யாரும் எதுவும் கொட்டாமல், ஆனால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டியதற்குச் சமம்.

பையில் பாட்டில் எப்போதும் இறுக மூடித்தான் இருக்கும். அதைச் சந்தேகிக்க வேண்டுமா?

முதலில் அதைத்தான். மேசையில் நிமிர்ந்து நிற்கும் பாட்டில் ஒழுகாது. பையில் அது சாய்கிறது, புத்தகம் அழுத்துகிறது, நடக்கும்போது குலுங்குகிறது. சூடான பானத்தை ஊற்றி உடனே மூடினால் உள்ளே அழுத்தம் கூடி, வாஷரின் பலவீனமான இடத்தில் பிதுங்கும். ஒழுகவே இல்லை என்றாலும் குளிர்ந்த பாட்டில் வெளிப்பக்கம் வேர்த்து ஒரு கைக்குட்டையை நனைத்துவிடும்.

சோதனை எளிது. பாட்டிலை நிரப்பி, மூடி, டிஷ்யூ தாளால் மூடியைச் சுற்றிக் கட்டுங்கள். பையில் வழக்கமாக இருக்கும் சாமான்களோடு படுக்க வைத்து, மேலே இரண்டு கனமான புத்தகம். ஒரு மணி நேரம் கழித்துத் தாளைப் பாருங்கள். அடுத்தது மூடியின் வாஷரைக் கழற்றி விரலால் வளைத்துப் பாருங்கள். நுண்ணிய வெடிப்பு தெரிந்தால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள். பையின் அடிப்பகுதியையும் மறக்க வேண்டாம். ஈரத் தரையில் பையை வைத்தால் துணி உறிஞ்சி மேலே ஏற்றும்.

திரையில் மட்டும் மேகம் போல ஒரு கறை. அதுவும் தண்ணீரா?

விளிம்பு நெளிநெளியாக, வரைபடத்தில் தீவு போல இருந்தால் தண்ணீர். திரைக்குப் பின்னால் ஒளியைப் பரப்பும் மெல்லிய தாள்கள் அடுக்காக இருக்கின்றன, நடுவில் ஈரம் புகுந்தால் பரவிக் காய்ந்து இப்படித் தடம் விடும். கெட்டியான வெள்ளைப் புள்ளியாக, நாளாகியும் மாறாமல் இருந்தால் அழுத்தம் பட்டது.

திரைக் கறையில் என் முதல் சந்தேகம் சுத்தம் செய்பவர் மேல்தான். ஸ்பிரேயை நேராகத் திரையில் அடித்தால் வழிந்து கீழ் விளிம்பில் சேரும். அங்கே தங்கும் இரண்டு மூன்று துளியைத் துணியால் எடுக்க முடியாது, உள்ளேதான் போகும். சுத்தம் செய்தவருக்கு அது நினைவிலேயே இருக்காது. அவரைப் பொறுத்தவரை அன்று லேப்டாப்புக்கு நல்லதுதான் செய்தார். துணியில் அடித்துத் துடைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

சில எழுத்துகள் மட்டும் விழவில்லை. இதிலிருந்து ஏதாவது தெரியுமா?

தெரியும். வேலை செய்யாத எழுத்துகள் பக்கத்துப் பக்கத்தில் கூட்டமாக இருந்து, அழுத்தினால் ஒட்டிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ஏதோ சிந்தியிருக்கிறது. கீபோர்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருந்தால், அவையெல்லாம் ஒரே மின்பாதையைப் பகிர்ந்துகொள்பவை, அந்தப் பாதை எங்கோ அரித்திருக்கிறது. எழுத்து இருக்கும் இடத்துக்கும் தண்ணீர் பட்ட இடத்துக்கும் தொடர்பு இருக்க வேண்டியதில்லை.

திங்க்பேட் போன்ற சிலவற்றில் கீபோர்டுக்கு வடிகால் துளை உண்டு, சிந்தியது அடிவழியே வெளியேறிவிடும். அப்படியானால் மேசையில் லேப்டாப்புக்குக் கீழே தடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

சர்வீஸ் சென்டரில் சொல்வதை அப்படியே நம்பலாமா?

சந்தேகப்பட்டுச் சண்டைக்குப் போவதைவிடக் கேள்வி கேட்பது பலன் தரும். சுத்தம் செய்வதற்கு முன் எடுத்த படம் கேளுங்கள், போர்டின் எந்த இடம் என்று தெரியும்படி. எத்தனை ஸ்டிக்கர்கள் சிவந்தன? அரிப்பு இருக்கும் இடமும் பழுதான பாகமும் ஒன்றா? தூரத்தில் ஒரு ஓரத்தில் கறை, நின்றுபோனது வேறொரு பகுதி என்றால் இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று விளக்கச் சொல்வது நியாயமான கேள்விதான். ஒழுங்காக வேலை செய்யும் டெக்னீஷியன் இதற்குக் கோபப்பட மாட்டார், நுண்ணோக்கியையே உங்கள் பக்கம் திருப்பிக் காட்டுவார்.

சாதாரண வாரண்டியில் திரவச் சேதம் பொதுவாக வராது. விபத்துச் சேதத்துக்குத் தனியாக எடுத்த பாதுகாப்பு இருந்தால் வரும், அதில் சம்பவத்தை விவரிக்கச் சொல்வார்கள். தெரியாததைக் கற்பனையாக எழுதாதீர்கள். "எப்போது என்று தெரியவில்லை, இன்ன தேதியில் கவனித்தேன், படங்கள் இவை" என்று எழுதினால் போதும்.

பழையதாக வாங்கிய லேப்டாப் என்றால் இன்னொரு சாத்தியம்: தண்ணீர் உங்களிடம் வருவதற்கு முன்பே பட்டிருக்கலாம். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத ஸ்க்ரூக்கள், காணாமல் போன கவசங்கள், ஸ்டிக்கர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பசை, ஓரிடம் மட்டும் பளிச்சென்று கழுவிய போர்டு இருந்தால் அந்தக் கதையை விற்றவரிடம்தான் கேட்க வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களிடம் எப்படிக் கேட்பது?

"யார் கொட்டினீங்க?" என்று கேட்டால் "நான் இல்லை" என்ற பதில்தான் வரும். "இந்த மேசையைக் கடைசியாக ஈரத் துணியால் துடைச்சது எப்போ?", "செடிக்குத் தண்ணி ஊத்தும்போது லேப்டாப் எங்கே இருந்துச்சு?" என்று கேளுங்கள். பாதிக் கேள்விக்குள்ளேயே ஒருவர் நெற்றியில் கை வைப்பார்.

எல்லாம் பார்த்தாயிற்று, காரணம் கிடைக்கவில்லை. சரிசெய்த லேப்டாப்பை மறுபடி அதே இடத்தில் வைக்கலாமா?

இரண்டு வாரம் அந்த இடங்களை வேவு பாருங்கள். வெள்ளை டிஷ்யூ தாளில், தண்ணீரில் கரையும் ஸ்கெட்ச் பேனாவால் ஓர் அங்குலத்துக்கு ஒரு புள்ளி வையுங்கள். சிவந்த ஸ்டிக்கரின் தத்துவமேதான் இது. ஒரு தாள் மேசையில் லேப்டாப் இருக்கும் இடத்தில், ஒன்று பையின் லேப்டாப் அறைக்கு அடியில், ஒன்று ஜன்னல் பக்கம், ஒன்று ஏசிக்குக் கீழே. லேப்டாப் அதுவரை வேறு அறையில் இருக்கட்டும். தினமும் பார்த்து, படம் எடுத்து, தேதி எழுதுங்கள். எந்தத் தாளில் புள்ளி பூவாக விரிகிறதோ அந்தப் பக்கம் போய் மேலே, கீழே, சுற்றிலும் பாருங்கள். ஒன்றிலும் விரியவில்லை என்றால் பையில் இருக்கும் தாளை மட்டும் எடுக்காமல் அடுத்த மழை வரை விட்டு வையுங்கள்.